தனித்து ஒலித்த குரல்: செனட்டர் ரொபர்ட் லா ஃபொலெட்



குடியேறிய நாட்டில் பெரும்பான்மைக்கு மாறான கருத்தை வெளியிடலாமா என்னும் தயக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. "நமக்கேன் வம்பு" என்பர் பெற்றோர். பிள்ளைகளோ அதனை ஏற்க மறுப்பர். இவ்வேளையில் அமெரிக்கச் செனட்டர் ஒருவரின் வாழ்வை எண்ணிப் பார்ப்பது பயனுடையதாகும்.

ரொபர்ட் லா ஃபொலெட் 1855ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தில், நோர்வேயிலிருந்து வந்த உழவர் பலர் வாழ்ந்த பிரிம்ரோஸ் என்னும் ஊரில் பிறந்தார். மழலைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். சட்டத்தரணியாகிப் பின்னர், 1901இல் அம்மாநில ஆளுநரானார். கட்சித் தலைவர்கள் மூடிய அறைக்குள் வேட்பாளரைத் தெரிவுசெய்த வழக்கத்தை மாற்றி, அவ்வுரிமையை வாக்காளரிடமே ஒப்படைக்கும் சட்டம் அவர் காலத்தில் நிறைவேறிற்று. 1906 முதல் இறக்கும்வரை செனட் சபையில் பணியாற்றினார். கப்பல் தொழிலாளரைக் காக்கும் 1915ஆம் ஆண்டுச் சட்டம் அவரது உழைப்பின் பயனே.

1917 ஏப்ரலில் ஜேர்மனி மீதான போர்ப் பிரகடனத்தைச் செனட் சபை 82க்கு 6 என்ற வாக்குகளால் ஏற்றது. எதிர்த்த அறுவருள் இவர் ஒருவர். அவ்வாண்டு செப்டம்பரில் சென் போல் நகரில் அவர் ஆற்றிய உரையை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தவறாக வெளியிட்டது. ஜேர்மனி மீது நமக்கு மனக்குறைகள் உண்டு என அவர் கூறியிருக்க, மனக்குறை எதுவுமில்லை எனக் கூறியதாகச் செய்தி பரவியது. துரோகி எனத் தூற்றினர். சபையிலிருந்து நீக்குமாறு மனுக்கள் வந்தன. அவர் கற்ற பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களே அவரைக் கண்டித்துக் கையொப்பமிட்டனர்.

அவர் ஒளிந்துகொள்ளவில்லை. அக்டோபர் 6ஆம் நாள் அதே சபையில் எழுந்து, போர்க்காலத்தில்தான் பேச்சுரிமை மிகுதியும் தேவை என வாதிட்டார். 1918இல் செய்தி நிறுவனம் தன் பிழையை ஒப்புக்கொண்டது. 1919 ஜனவரியில் 50க்கு 21 என்ற வாக்குகளால் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. 1922இல் விஸ்கான்சின் மக்கள் அவரைப் பெரும் வெற்றியுடன் மீண்டும் அனுப்பினர். 1924இல் அதிபர் தேர்தலில் தோற்றபோதும் ஏறக்குறைய 48 இலட்சம் வாக்குகள் பெற்றார். மறு ஆண்டு காலமானார். 1957இல் ஜோன் கென்னடி தலைமையிலான செனட் குழு தெரிந்தெடுத்த தலைசிறந்த ஐவருள் அவரும் ஒருவர்.

போரைப் பற்றிய அவர் நிலைப்பாட்டில் நாம் மாறுபடலாம். ஆயினும், சபையில் வாக்களித்தும், சட்டம் தந்த உரிமையைச் சான்றுகளுடன் எடுத்துரைத்துமே அவர் போராடினார் என்பதை மறத்தலாகாது.

பெற்றோர்களே, பிள்ளைகளை வாய்மூடச் சொல்லாதீர்கள். ஆய்ந்து பேசச் சொல்லுங்கள். இளையோர்களே, சொல்வதற்கு முன் சான்றுகளைத் திரட்டுங்கள். சொன்னபின் அஞ்சிப் பின்வாங்காதீர்கள்.