மருந்து கொடுப்பவரும் மருந்து விதிப்பவரும்



2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி, பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை நம் வீடு தேடிக் கொணர்கின்றனர். டாக்டர் விதித்ததைச் சேர்ப்பிப்பதே அவர்கள் பணி. “அளவைக் கூட்டிக் கொடு அம்மா” என அவர்களை வற்புறுத்துதல் தகாது. சில நீரிழிவு மாத்திரைகள் மிகுந்தால், சர்க்கரை மிகத் தாழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரும்.

மருந்துக் கடைக்கும் இதுவே நெறி. குற்றாலத்தில் சாரல் விழும் நாளில் காய்ச்சல் கண்டதும் பலர் கடையை நாடுகின்றனர். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ‘எச்’ அட்டவணை மருந்துகளை டாக்டர் சீட்டின்றி விற்கலாகாது. அட்டையில் சிவப்புக் கோடு கண்டால் இதனை நினைவிற்கொள்க.

2019-ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, டாக்டரல்லாத சிலருக்கு வரையறுத்த உரிமம் வழங்க இடமளிக்கிறது. அவர்கள் தாமே விதிக்கக்கூடியவை குறிப்பிட்ட மருந்துகளே; அதுவும் ஆரம்ப சிகிச்சைக்கும் நோய்த் தடுப்புக்கும் மட்டுமே.

“இது என் வரம்பன்று, டாக்டரைப் பாருங்கள்” என்னும் செவிலியர் கடமை தவறியவர் அல்லர், கடமையைக் காத்தவர். அவருக்குத் துணை நிற்பது பஞ்சாயத்தின் பொறுப்பு. அடுத்த கிராம சபையில் இதனை எடுத்துரைக்குமாறு வேண்டுகிறேன்.