அலமாரியில் இறங்கிய விமானங்கள்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் போன் செய்து, "வேலையைப் பத்திப் பேச நிறைய பேர் இருக்காங்க. நீங்க வேற ஏதாவது பேசுங்க" என்றார். நல்லதாய்ப் போயிற்று. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு நான் செய்வதைச் சொல்கிறேன். விமான மாடல்கள் கட்டுகிறேன். விமான ஓவியங்களைச் சட்டம் போட்டு மாட்டுகிறேன்.

அசோக் நகரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். மொட்டை மாடியில் நின்று தெற்கே பார்த்தால், கிண்டிப் பக்கம் விமானங்கள் இறங்குவது தெரியும். வீட்டுக்குள் வந்தால் அலமாரியிலும் விமானம்தான். "முப்பத்தஞ்சு வயசுல பொம்மையாடா?" என்பது அம்மாவின் கேள்வி. "ஏங்க, இதையெல்லாம் யாரு தூசி தட்டறது?" என்பது மனைவியின் கேள்வி. இரண்டாவதற்குப் பதில் எளிது: கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. முதல் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

1:72 என்பது பிளாஸ்டிக் மாடல்களில் மிகவும் பழகிய அளவு. 1953-ல் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி ஸ்பிட்ஃபயர் விமானத்தை இந்த அளவில்தான் வெளியிட்டது. நம் விமானப்படையில் பெயர் வாங்கிய நாட் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் சுமார் 8.7 மீட்டர். 72-ஆல் வகுத்தால் 12 சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் எடை 72-ஆல் வகுபடாது. 72-ஐ மூன்று முறை பெருக்கி வகுக்க வேண்டும். 3 டன் விமானம் 8 கிராம் ஆகிவிடும்! முதலாண்டில் நாம் பரீட்சைக்காகப் படித்த கன விதி, மாடல் கட்டும்போது கையில் உட்காருகிறது.

இன்னொன்று. மாடலின் மேல் 1 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு கோடு கீறினால், நிஜ விமானத்தில் அது 7 சென்டிமீட்டர் பள்ளம். அதனால்தான் பெயிண்டை மெல்லிசாக, இரண்டு மூன்று தடவையாகப் பூச வேண்டியிருக்கிறது. உப்புத்தாள் பிடிக்கும் விரல் தானாகப் பொறுமை கற்றுக்கொள்கிறது. ஆபீஸில் கம்ப்யூட்டர் திரையில் வரைந்து தள்ளுகிற நமக்கு, ஒரு பாகம் இன்னொரு பாகத்தோடு பொருந்தாதபோது என்ன செய்வது என்று சொல்லித் தர இதைவிட மலிவான வாத்தியார் கிடையாது.

வீட்டை அலங்கரிக்க நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள். சென்னையின் ஈரக்காற்று படங்களுக்கு எதிரி. சட்டத்தின் பின்புறம் நான்கு மூலையிலும் சின்னக் கார்க் துண்டு ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும், பூஞ்சை பிடிக்காது. மேற்கு வெயில் விழும் சுவரைத் தவிருங்கள், நிறம் வெளுத்துவிடும். மாடலைக் கூரையிலிருந்து தொங்கவிடத் தூண்டில் நரம்பு போதும். ஆனால் மின்விசிறி பக்கம் வேண்டாம், அது போர்க்களமாகிவிடும்! படத்துக்கென்று பெரிய செலவும் தேவையில்லை. கிட் பெட்டியின் மேல் அட்டையே நல்ல ஓவியம். ஏர்ஃபிக்ஸுக்காக ராய் கிராஸ் வரைந்த பெட்டி ஓவியங்களைப் பார்த்தே விமானப் பைத்தியம் பிடித்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. நம் ஊரிலும் ஏர் இந்தியா மகாராஜா படங்களை ஒரு காலத்தில் ஆசையாய் மாட்டினார்கள்.

சரி, எந்த விமானத்தை மாட்டுவது? இங்கேதான் எனக்கு ஒரு குறை உண்டு. நம் பிள்ளைகள் ஸ்பிட்ஃபயரைச் சொல்வார்கள், மெஸர்ஷ்மிட்டைச் சொல்வார்கள். சென்னையின் விமானத்தைக் கேட்டால் விழிப்பார்கள்.

மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜாக்கமோ டி ஏஞ்சலிஸ் என்பவர் ஒரு விமானம் வடிவமைத்தார். அதைச் செய்து கொடுத்தது சிம்ப்சன் கம்பெனி. அப்போது குதிரை வண்டிகளுக்குப் பெயர்போன கம்பெனி அது. 1910 மார்ச்சில் அந்த விமானம் சென்னையில் பறந்தது. ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருஷம்கூட ஆகவில்லை. அலகாபாத்தில் 1911 பிப்ரவரியில் நடந்த புகழ்பெற்ற விமானத் தபாலுக்கும் சுமார் ஒரு வருஷம் முந்தியது இது. வண்டி செய்த தச்சுக் கைகள் விமானம் செய்திருக்கின்றன!

அடுத்து 1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்ததை எல்லாரும் அறிவோம். அந்தத் தபால் அங்கே நிற்கவில்லை. நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். டாட்டா ஓட்டி வந்தது புஸ் மாத் என்ற சின்ன விமானம். இறக்கை விரிப்பு 11 மீட்டர்தான். 1:72 அளவில் நம் ஸ்கேலின் பாதி.

மூன்றாவது, மருத். ஜெர்மன் வடிவமைப்பாளர் கர்ட் டாங்க் தலைமையில் பெங்களூர் எச்.ஏ.எல்.லில் உருவாகி, 1961 ஜூன் 17-ல் பறந்தது. இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமானம். அதில் ஒன்று நம் கோட்டூர்புரத்தில், பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

காட்சிக்கு வைத்தால் என்ன ஆகும்? குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் பறக்காத பழைய விமானங்கள் இரண்டு நின்றன. மாணவர்கள் எல்லாரும் விடுதிக்குப் போன பிறகும் அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவர், விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். அவர் அப்துல் கலாம். தம் சுயசரிதையில் அவரே சொல்லியிருக்கிறார். கண்ணில் படுகிற இடத்தில் ஒரு பொருள் இருந்தால், அது யாரோ ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும். அம்மாவின் கேள்விக்கு என் பதில் இதுதான். இது பொம்மை இல்லைம்மா, விதை.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்பிட்ஃபயர் கிட் கடையில் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். அதைக் கட்டிப் பழகுங்கள், தப்பில்லை. ஆனால் டி ஏஞ்சலிஸின் விமானத்தைப் பெட்டியில் போட்டு யாரும் தரமாட்டார்கள். பழைய பத்திரிகைகளைத் தேடிப் படித்து, அளவெடுத்து, பால்சா கட்டையில் நாமேதான் செய்ய வேண்டும். தெரியாத இடத்தை ஊகமாக நிரப்பினால், 'இது ஊகம்' என்று அட்டையில் எழுதி வையுங்கள். அதுவும் பொறியாளருக்குத் தேவையான பழக்கம்தான்.

பறக்கவிடவும் ஆசை வரும். பால்சா கிளைடரை மைதானத்தில் கையால் எறிந்து பாருங்கள். மூக்கைத் தூக்கித் தூக்கி விழுந்தால், முன்னால் கொஞ்சம் களிமண் ஒட்டுங்கள். எடைமையம் என்றால் என்ன என்று ஒரு மாலையில் புரிந்துவிடும். ரேடியோ விமானம் என்றால் இடம் பார்த்துத்தான். மீனம்பாக்கம் பக்கத்திலேயே இருக்கிறது. 2021-ன் ட்ரோன் விதிகளையும் வரைபடத்தையும் பார்க்காமல் எதையும் மேலே ஏற்றாதீர்கள்.

சங்கத்துக்கு ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். நம் நூலக வாசலில் ஒரு கண்ணாடி அலமாரி வைப்போம். செலவை எங்கள் பேட்ச் ஏற்கும். அதில் மூன்று விமானங்கள்: 1910, 1932, 1961. கட்டுவது மாணவர்கள். சனிக்கிழமை மாலைகளில் உப்புத்தாளோடு வந்து உதவ நான் தயார். அடுத்த சந்திப்புக்குள் முதல் விமானமாவது இறங்கிவிட வேண்டும்.