காலணியை மாற்றக் கேட்பது வெட்கமல்ல



பள்ளித் தவணை தொடங்கும் ஒவ்வொரு முறையும் காலணிக் கடைகளில் இரண்டு கூட்டங்களைக் காணலாம். பள்ளி திறப்பதற்கு முந்திய வாரம் வாங்க வருவோர் கூட்டம் ஒன்று. பள்ளி திறந்த மறுவாரம் அதே பெட்டியைக் கையில் ஏந்தி, மாற்றிக்கொள்ள வருவோர் கூட்டம் மற்றொன்று. முதல் கூட்டத்திற்குக் கிடைக்கும் சிரித்த முகம் இரண்டாவது கூட்டத்திற்குக் கிடைப்பதில்லை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு பலகை தொங்கும்: "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது." அதைப் பார்த்ததும் எத்தனையோ தாய்மார்கள் ஒன்றும் பேசாமல் வீடு திரும்பிவிடுகின்றனர். மறுநாள் காலையில் அதே சப்பாத்துக்குள் பிள்ளையின் கால் திணிக்கப்படுகிறது.

அந்தப் பலகை எந்த இடத்தில் செல்லும், எந்த இடத்தில் செல்லாது என்பதைப் பெற்றோர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இது சின்ன விஷயம் என்று சிலர் நினைக்கலாம். 2023ஆம் ஆண்டில் வருமான வரம்பு நீக்கப்பட்டு, ஒவ்வொரு மாணவருக்கும் 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவித்தொகை வழங்கப்பட்டது. சீருடை, புத்தகப் பை, காலணி மூன்றையும் அந்தப் பணத்திற்குள் முடிக்கப் பார்க்கும் குடும்பத்திற்கு இரண்டாவது சோடி என்பது மாதச் செலவையே புரட்டிப் போடும். மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் சொல்லவே வேண்டாம்.

மாற்றக் கேட்பதற்கான காரணங்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, பொருளில் உள்ள குறை. ஒரே வாரத்தில் தையல் பிரிகிறது, அடிப்பாகம் வாய் பிளக்கிறது, இடது காலணிக்கும் வலது காலணிக்கும் அளவு வேறுபடுகிறது, பெட்டியில் ஓர் எண்ணும் காலணியில் வேறோர் எண்ணும் இருக்கின்றன. இவற்றிற்கெல்லாம் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொல்லப்பட்ட விவரத்திற்கு ஒத்திருக்க வேண்டும் என்பது அச்சட்டம் தரும் உத்தரவாதம். பலகையில் எழுதினாலும் ரசீதில் அச்சிட்டாலும் கடைக்காரர் இந்த உரிமையை நீக்கிவிட முடியாது. குறையைச் சரிசெய்து தரலாம், அதே வகைக் காலணி வேறொன்று தரலாம், அது முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

இரண்டாவது, விற்பவர் கொடுத்த வாக்கு. எந்தத் தேவைக்காக வாங்குகிறார் என்பதை வாங்குபவர் எடுத்துச் சொல்லி, விற்பவரின் சொல்லை நம்பி வாங்கினால், அந்தப் பொருள் அத்தேவைக்கு உதவ வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. "பையனுக்கு ஏழு வயது, பாதம் 19 சென்டிமீட்டர், தினமும் பள்ளிக்குப் போட வேண்டும்" என்று அளவையே சொல்லிக் கேட்டபோது, "இது சரியாக இருக்கும்" என்று கடைக்காரரே எடுத்துக் கொடுத்திருந்தால், பிறகு அது சேராதபோது வாதிட இடம் இருக்கிறது.

மூன்றாவது, வாங்கியவரே அளவைத் தவறாகத் தேர்ந்துவிடுவது. காலணியில் குறையில்லை, யாரும் வாக்குக் கொடுக்கவும் இல்லை, பிள்ளையின் காலுக்குச் சேரவில்லை, அவ்வளவுதான். இங்கே சட்டம் கடைக்காரரைக் கட்டாயப்படுத்துவதில்லை. மாற்றிக் கொடுப்பது கடையின் வழக்கம் அல்லது நல்லெண்ணம். மாற்றக் கேட்டு வருவோரில் பெரும்பாலோர் இந்த மூன்றாவது வகையினர்தாம். ஆகவே இவர்களுக்குப் பாதுகாப்பு, காசு கொடுப்பதற்கு முன்னால் கேட்கும் ஒரு கேள்வியில் இருக்கிறது.

"அண்ணே, பையன் இன்னைக்கு வரல. அளவு சேரலன்னா மாத்திக் கொடுப்பீங்களா?"

"அழுக்குப் படாம ஒரு வாரத்துக்குள்ள கொண்டு வாங்கக்கா, மாத்தித் தரோம்."

"அப்ப அதை ரசீதுலேயே எழுதிக் கொடுத்துருங்கண்ணே."

இந்த மூன்று வரி பேச்சுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ரசீதின் மூலையில் எழுதப்பட்ட "7 நாள், மாற்றலாம்" என்ற சொற்கள், பின்னால் எழக்கூடிய அரை மணி நேர வாக்குவாதத்தைத் தவிர்த்துவிடும். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்குவதா என்பதை அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம். இணையத்தில் வாங்குவோர் பணம் செலுத்துவதற்கு முன்பே திருப்பி அனுப்பும் விதியைப் படித்து, அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. திருப்பி அனுப்பும் அஞ்சல் செலவு யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும்.

அளவு ஏன் இத்தனை முறை தவறுகிறது? காலணி எண்களே ஒரு காரணம். ஆங்கில முறையில் பிள்ளைகளின் எண் 13 வரை சென்று, அதற்கடுத்து மீண்டும் 1 என்று தொடங்குகிறது. 13ஐ விட 1 பெரியது என்பது தெரியாமல் குழம்புவோர் பலர். ஐரோப்பிய முறையிலோ ஏறக்குறைய அதே காலணிக்கு 32 என்று எண் இருக்கும். ஆங்கில முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய முறையில் சுமார் 6.7 மில்லிமீட்டர். போதாக்குறைக்கு, ஒரே எண் கொண்ட காலணிகூட நிறுவனத்திற்கு நிறுவனம் சற்று மாறுபடும். ஆகவே போன ஆண்டு வாங்கிய எண்ணுடன் ஒன்றைக் கூட்டி வாங்குவது கணக்காகாது.

இன்னொரு காரணம், "வளர்கிற பிள்ளைதானே" என்ற எண்ணம். இரண்டு எண் பெரிதாக வாங்கி, முனையில் பஞ்சோ காகிதமோ அடைத்து அனுப்பும் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பிள்ளை குதிகால் வழுக்க வழுக்க நடந்து, படிக்கட்டில் தடுக்கி விழுகிறது. சேமித்ததாக நினைத்த பணம் வேறு வழியில் செலவாகிறது.

சரியான அளவை எடுக்க வெள்ளைத்தாளும் அடிக்கோலும் போதும். மாலை வேளையில் பாதம் சற்றே வீங்கியிருக்கும் என்பதால் அப்போது அளப்பதே நல்லது. சுவரில் குதிகால் படும்படி பிள்ளையைத் தாள்மேல் நிற்கச் செய்து, மிக நீண்ட விரலின் முனையில் கோடு போட வேண்டும். சிலருக்குப் பெருவிரலை விட இரண்டாம் விரல் நீளமாக இருக்கும். இரண்டு பாதங்களையும் அளந்து, பெரிய பாதத்தின் அளவோடு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் செல்ல முடியாதவர்கள் இந்தத் தாளை எடுத்துச் சென்று, காலணியின் உள்ளட்டையை வெளியே எடுத்து அதன்மேல் வைத்துப் பார்க்கலாம்.

வாங்கி வந்த நாளே வீட்டுக்குள் சோதித்துப் பார்த்துவிட வேண்டும். பள்ளிக் காலுறையை அணிவித்து, சுத்தமான பாய்மீது அரை மணி நேரம் நடக்க விடுங்கள். கழற்றியதும் குதிகாலிலும் விரல் முனையிலும் சிவந்த தடம் இருக்கிறதா, விரல்கள் மடங்கிக் கிடந்தனவா என்று பாருங்கள். சரியென்று தெரியும் வரை பெட்டி, விலைச்சீட்டு, ரசீது மூன்றையும் வீசிவிடக் கூடாது. ஒருநாள் பள்ளித் திடலில் ஓடிவிட்ட காலணியின் அடிப்பாகமே சாட்சி சொல்லும். அதைக் கடைக்காரர் வேறொருவருக்குப் புதிது என்று விற்க முடியாது. சிறிய கடை நடத்துபவருக்கு அது நேரடி நட்டம் என்பதையும் வாங்குபவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குறையுள்ள காலணியைத் திருப்ப வேண்டுமென்றால் தாமதிக்கக் கூடாது. குறையைப் படமெடுத்து, ரசீதுடன் கடைக்குச் சென்று, மேலாளரிடம் அமைதியாகக் கேட்க வேண்டும். விற்பனைப் பணியாளரிடம் சத்தம் போடுவதால் பயனில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் அவர் கையில் இருப்பதில்லை. கடை மறுத்துவிட்டால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் கொடுக்கலாம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்கும் தொடுக்கலாம். அங்கே மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை விசாரிக்கும் அம்மன்றம் 40 ரிங்கிட் காலணிக்கான வழக்கையும் ஏற்கும்.

இவ்வளவையும் பெற்றோர் செய்ய வேண்டியதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பிள்ளைகள் பெரும்பாலும் சொல்வதில்லை. சிறு பிள்ளையின் பாத எலும்புகள் முழுமையாக இறுகாதவை. பாதம் வளைந்து கொடுப்பதால் இறுக்கமான காலணி உடனே வலிப்பதில்லை. வலித்தாலும், "அப்பா இப்போதுதானே காசு போட்டு வாங்கினார்" என்று வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. கொப்புளமும் உள்வளர்ந்த நகமும் பிறகுதான் கண்ணில் படும். வீட்டுக்குள் நுழைந்ததும் சப்பாத்தை உதறித் தள்ளுகிற பிள்ளையைத் திட்டுவதற்கு முன், அதன் காலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை விரல் முனையில் இடம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாலே போதும்.

செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டாதே என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஒரு பலகைக்குப் பயந்து பேசாமல் திரும்பும் பெற்றோர், பிள்ளையின் காலைத்தான் காலணிக்குத் தக்கபடி வளைக்கிறார்கள். கேட்பதில் வெட்கமில்லை. முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்பவர்களுக்கு, பின்னால் சண்டை போட வேண்டிய தேவையும் இருக்காது.