ஒரு தரம், ரெண்டு தரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூடத்துக்காக ஏலம் நடத்தி வெற்றி கண்ட கதையைச் சொல்லுங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். 'வெற்றி' என்று அவர்தான் சொல்கிறார். நான் கிள்ளைக்காரன். சிதம்பரத்தில் ஒரு வங்கியில் நகைக்கடன் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். என் இரண்டு பிள்ளைகளும் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில்தான் படித்தார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் என் பெயரை யாரோ எழுதி வைத்துவிட்டார்கள். அப்படித்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் நம் மாவட்டத்தை அடித்துப் போட்டது உங்களுக்கு மறந்திருக்காது. அதற்குப் பிறகு அரசாங்கம் செய்ததைச் செய்தது. ஆனால் பள்ளிக்கூடம் என்றால் சில்லறைத் தேவைகள் தீராது. எங்கள் ஊர் நிலத்தடித் தண்ணீர் உப்பு. குடிதண்ணீருக்கு ஒரு தொட்டி, சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு வகுப்புக்குப் பெஞ்சு, இவ்வளவுதான் கணக்கு. நன்கொடை நோட்டைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறினால் ஐம்பது, நூறு என்று கிடைக்கும். 'ஏலம் விட்டால் என்ன?' என்று கேட்டவன் நான்தான்.

ஏலம் நமக்குப் புதிதா என்ன? அறுப்பின் பண்டிகையில் கோயிலுக்கு வந்த பூசணிக்காயை ஏலம் விடுவதைத் தரங்கம்பாடிப் பக்கத்து நண்பர்கள் பார்த்திருப்பார்கள். திருவெண்ணெய்நல்லூருக்குப் பக்கத்தில் ஒட்டனந்தல் முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்து எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுகிறார்கள். 2024-ல் ஒன்பது பழம் இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல் போனது. இதையெல்லாம் கேள்விப்பட்டிருந்தும் முதல் வருஷம் நான் செய்த காரியம் என்ன தெரியுமா? கடைகளில் கேட்டு குக்கர், சுவர்க் கடிகாரம், டிபன் கேரியர் என்று வாங்கி மேடையில் அடுக்கினேன். எண்ணூறு ரூபாய் குக்கர் அறுநூறில் நின்றுவிட்டது. "கடையில போயி வாங்கினா கேரண்டி கார்டு தருவான் சார்" என்றார் ஒருவர். நியாயந்தானே! கடையில் விலை இருக்கிற சாமானுக்கு அந்த விலைதான் உச்சி. பந்தல் வாடகையும் மைக்செட் வாடகையும் போக ஆறாயிரம் சொச்சம் மிஞ்சியது.

நாளும் தப்பாகப் பார்த்துவிட்டோம். மாசிமகம் முடிந்த வாரம் வைத்தோம். அன்றைக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகசுவாமி தீர்த்தவாரிக்குக் கிள்ளைக்கு எழுந்தருள்வதும், வழியில் தைக்காலில் இஸ்லாமியப் பெருமக்கள் சுவாமியை வரவேற்று மரியாதை செய்வதும் உங்களுக்குத் தெரியும். அத்தனை சனமும் முழுக்குத்துறைக்கு வந்து போகிற திருநாள். வீடு நிறைய விருந்தாளி. அது முடிந்ததும் எந்த வீட்டிலும் கையில் காசு இருக்காது. ஏப்ரல் 15-க்கு மேல் என்றாலோ மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடக்கும். சம்பா அறுவடைப் பணம் கைக்கு வந்த பிறகு, மாசிமகத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே, அதுதான் எங்கள் ஊருக்கு ஏற்ற நாள். உங்கள் ஊருக்கு எது என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வருஷம் கடைச்சாமான் ஒன்றுகூட வைக்கவில்லை. பிள்ளைகள் பள்ளித் தோட்டத்தில் போட்ட கத்தரிக்காய், ஒரு தாய் கொடுத்த வெடைக்கோழி, முடசல் ஓடையில் அன்று காலை இறங்கிய கொடுவா ஒன்று. இறால் பிடிக்கும் இருளர் வீட்டு அம்மா ஒருவர் பனையோலையில் புதிதாகப் பின்னிய பறி. தையல்காரர் இரண்டு ரவிக்கை தைத்துத் தருவதாகச் சீட்டு எழுதிக் கொடுத்தார். எலெக்ட்ரீஷியன் ஒருவர் ஒருநாள் வேலையைக் கொடுத்தார். தைக்கால் பக்கத்து பாய் ஒருவர், "நான் என்ன தர்றது, ஒரு தேக்சா பிரியாணி ஆக்கித் தர்றேன், அதை ஏலம் போடுங்க" என்றார். அந்த பிரியாணிதான் அன்றைக்கு அதிக விலைக்குப் போனது. எடுத்தவர் அங்கேயே பந்தி போட்டுப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டார்.

மைக் என் கையில். எனக்கே என் குரலில் மயக்கம் வந்துவிட்டது. கடைசியாக நான்காம் வகுப்புப் பெண் வரைந்த படம். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு, நடுவில் ஒரு தோணி. வெளியூரிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் ஐந்நூறு என்றார். அந்தப் பெண்ணின் அப்பா பின்வரிசையில் நின்றார். படகில் கூலிக்குப் போகிறவர். அவர் அறுநூறு என்றார். இவர் எழுநூறு. அவர் எண்ணூறு. அங்கே நிறுத்தியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? "பெத்த பொண்ணு போட்ட படத்தை அப்பா விட்டுக்கொடுத்துடுவாரா?" என்று மைக்கில் கேட்டேன். கூட்டம் கைதட்டியது. ஏலம் ஏறியது. நாலாயிரத்து நூறு ரூபாய்க்கு, "மூணு தரம்!" என்று அந்த அப்பா பெயரில் முடித்தேன். அன்று இரவு கணக்குப் பார்த்து எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை என் கவுன்ட்டரில் ஒரு அம்மா. ஒரு ஜோடித் தோட்டைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். வழக்கமாகக் கேட்கிற மாதிரி, "எதுக்கும்மா கடன்?" என்று கேட்டேன்.

"ஏலத்துல படம் எடுத்தோம்ல சார். அதுக்குத்தான்."

படிவத்தில் நான் எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "வேணாம்மா, அந்தப் பணத்தை நானே கட்டிடறேன்" என்றேன். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "எடுத்தது எடுத்ததுதான் சார். அவரு நாலு பேர் முன்னாடி கேட்டுட்டாரு" என்றார். தோட்டை எடை போட்டேன். கடனும் கொடுத்தேன். அன்று சாயங்காலமே பணம் கழகத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த ரசீதிலும் என் கையெழுத்துதான். எட்டு மாதம் கழித்துத் தோட்டை மீட்டார்கள்.

காந்தியடிகள் பெரிய ஏலக்காரர் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1933-34 ஹரிஜன யாத்திரையில், தமக்கு வாசித்துக் கொடுத்த வரவேற்புப் பத்திரங்களை அந்தந்த மேடையிலேயே ஏலம் விட்டு நிதி சேர்த்தார். 1934 ஜனவரியில் மலபாரில் வடகரைக் கூட்டத்தில் கௌமுதி என்ற பதினாறு வயதுப் பெண் மேடைக்கு வந்து வளையலைக் கழற்றித் தந்தாள், பிறகு சங்கிலியை, பிறகு கம்மலை. அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகவில்லை. அப்பா அம்மா சம்மதம் உண்டா என்று கேட்டார். அவளுடைய தகப்பனார் அதே கூட்டத்தில் பத்திர ஏலத்தில் விலை கேட்டுக்கொண்டிருந்தவர்தான் என்று தெரிந்த பிறகும், இதற்குப் பதில் வேறு நகை கேட்கக் கூடாது என்று அவளிடம் உறுதி வாங்கிக்கொண்டார். நான் இதைத் தோட்டு விஷயத்துக்குப் பிறகுதான் படித்தேன். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் எதுவுமே கேட்கவில்லையே!

மூன்றாம் வருஷம் மைக்கை நான் தொடவில்லை. முடசல் ஓடையில் மீன் ஏலம் கூறுகிற ஒரு அண்ணனைப் போய் அழைத்து வந்தேன். மீன் துறையில் கூறு போட்ட மீனை எடுக்கிற பெண்கள் அநேகமாகக் கடனுக்குத்தான் எடுப்பார்கள், விற்றுவிட்டு வந்து தருவார்கள். தரவில்லையானால் ஏலக்காரர் கைக்காசு போகும். ஆகவே யாரால் எவ்வளவு முடியும் என்பது அவருக்கு மனப்பாடம். அவர் ஏலம் கூறுகிற அழகே தனி. முடியாதவர் கை தூக்கினால் அவர் கண் வேறு பக்கம் போய்விடும். வேகமாக மூணு தரம் சொல்லி முடித்துவிடுவார். ஒரு சேவலை ஆயிரத்து முந்நூறில் முடித்தபோது என் பழைய புத்தி, "அண்ணே, இன்னும் ஐந்நூறு போயிருக்குமே" என்றது.

"போயிருக்கும் சார். வசூல் பண்ண நீங்க போவீங்களா?" என்றார்.

நடைமுறை விஷயம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளைகள் வரைந்தது, செய்தது எதையும் நாங்கள் ஏலத்துக்கு வைப்பதில்லை. அதற்குத் தனி மேஜை, எதை எடுத்தாலும் இருபது ரூபாய். தாயும் தகப்பனும் முதலில் வாங்கிக்கொள்ளலாம். ஒரு தெருவுக்கும் இன்னொரு தெருவுக்கும் போட்டி போல விலை ஏறினால் பொருளை இரண்டாகப் பிரித்துவிடுவோம், பிரிக்க முடியாததானால் சீட்டுக் குலுக்கல். பணம் கையில் வாங்குவதைக் குறைத்து, கழகக் கணக்கிலேயே கட்டச் சொல்வோம். எடுத்தவர் பெயர், தொகை, வாங்கிய சாமான், அதன் பில் எல்லாம் பள்ளி நோட்டீஸ் பலகையில் ஒரு மாதம் இருக்கும். இந்தப் பலகைக்காக என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு. "எங்களை நம்பலியா?" என்பார்கள். நம்பிக்கை இருக்கிறவர்களுக்கும் கணக்குப் பார்க்க ஆசை இருக்கும் என்பேன்.

இன்று வழி இன்னும் சுலபம். கட்டாயக் கல்விச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2024-ல் அதைத் திருத்தி அமைத்தபோது தமிழ்நாட்டில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். நீங்கள் படித்த பள்ளியில் அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று ஊருக்குப் போனதும் விசாரியுங்கள்.

பெஞ்சு வந்தது. தொட்டியும் வந்தது. தொட்டி கட்டிய கொத்தனார் கூலியில் பாதிதான் வாங்கினார். அந்தப் படம் இன்றும் அவர்கள் வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. போன வருஷம் ஒரு கல்யாணப் பத்திரிகை எனக்கு வந்தது. படம் வரைந்த பெண்ணுக்குத்தான் கல்யாணம். போயிருந்தேன். அந்த அம்மா தோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ரசீதுப் புத்தக மாதிரியும் பலகையில் ஒட்டுகிற கணக்குத் தாளும் கொண்டுவந்திருக்கிறேன். வேண்டியவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.