தரையில் வரையும் கூரை
(ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



பிரான்ஸ் நாட்டின் மரபுத் தச்சர்கள் கூரையை முதலில் தரையில் முழு அளவில் வரைகின்றனர். மூலையில் சாய்ந்தேறும் மரத்தின் உண்மை நீளம் மேல்தோற்றத்திலும் முகப்புத் தோற்றத்திலும் தெரிவதில்லை. மேல்தோற்ற நீளத்தை அடிக்கோடாகவும் கூரையின் உயரத்தைச் செங்கோடாகவும் வரைந்து முனைகளை இணைத்தால், அச்சாய்கோடே மரத்தின் நீளம். பின்னர் மரங்களைக் கோடுகளின்மேல் கிடத்தி, தூக்குக்குண்டு பிடித்து, வெட்டுமிடங்களைக் குறிக்கின்றனர்.

2009இல் யுனெஸ்கோ இக்கலையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தின் கூரை எரிந்து வீழ்ந்தது. முன்பே எடுத்து வைத்திருந்த அளவுகள் உதவின. அவற்றைக் கோடாக்கி மரமாக்கத் தச்சர்களும் இருந்தனர். ஓக் மரத்தாலேயே கூரை மீண்டும் எழுந்தது. 2024 டிசம்பரில் ஆலயம் திறக்கப்பட்டது.

அத்தச்சர்கள் இல்லையெனில் அளவுகள் காகிதத்திலேயே கிடந்திருக்கும். தொழிலறிந்த பெரியோர்களே, பிள்ளைகளை அருகில் அமர்த்திக் கற்றுக்கொடுங்கள்.