இணைக்க மறுக்கும் உரிமை



யாருடைய நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அந்தப் பெரியவர் தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். டிரங்க் கால் புக் செய்துவிட்டு அரை நாள் காத்திருந்த காலத்தையும், ஒரு மிஸ்டு காலில் காரியம் முடிந்த காலத்தையும் ஒரே ஆயுளில் பார்த்தவர். உலக நாடுகள் தொலைத்தொடர்பை எப்படி ஒழுங்குபடுத்துகின்றன என்று பேசும்படி விழாக் குழுவினர் பணித்தார்கள். அலைக்கற்றை ஏலம், தனியுரிமைச் சட்டம், இணைய முடக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலைப்பொழுது வேண்டும். நான் ஒரே ஒரு கேள்வியோடு நின்றுகொள்கிறேன். ஒரு நிறுவனத்தின் சந்தாதாரர் இன்னொரு நிறுவனத்தின் சந்தாதாரரோடு பேச விரும்பினால், அந்த இரண்டு நிறுவனங்களும் இணைப்புக் கொடுத்தே ஆக வேண்டுமா? கொடுத்தால் யார் யாருக்குப் பணம் தருவது?

பத்திரிகைத் தலைப்பில் கட்டண உயர்வும் ஏலத் தொகையும்தான் வரும். ஆனால் இந்தத் துறையின் பெரிய சண்டைகள் எல்லாம் நான் சொன்ன கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கின்றன. ஓர் ஒழுங்குமுறை ஆணையம் உருப்படியானதா என்று பார்க்க எனக்கு இந்த ஓர் அளவுகோல் போதும்.

1852க்குப் போவோம். பிரான்சும் பாடனும் ஓர் ஒப்பந்தம் செய்தன. பாடன் அப்போது ரைன் நதிக்கு அக்கரையில் இருந்த தனி நாடு. ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில் இரு நாட்டு ஊழியர்களும் சேர்ந்து உட்காரும் ஒரு பொதுத் தந்தி நிலையம் வைத்தார்கள். பாரிஸிலிருந்து தந்தி வந்தால் பிரெஞ்சு ஊழியர் அதைக் கையால் ஒரு படிவத்தில் எழுதி மேசைக்கு அந்தப் பக்கம் நீட்டுவார். பாடன் ஊழியர் வாங்கிப் படித்து, ஜெர்மன் மொழியில் பெயர்த்து, தம் நாட்டுக் கம்பியில் மறுபடியும் தட்டி அனுப்புவார். பல நூறு கிலோமீட்டரைக் கண் இமைக்கும் நேரத்தில் கடந்து வந்த செய்தி, ஒரு மேசையைக் கடக்கக் காத்திருந்தது. இது ஓர் எல்லையில். ஐரோப்பாவில் எத்தனை எல்லைகள் என்று எண்ணிப் பாருங்கள். கருவி வேறு, கட்டணம் வேறு, கணக்கு வைக்கும் முறையும் வேறு. 1865 மே 17 அன்று 20 நாடுகள் பாரிஸில் கையெழுத்திட்டுச் சர்வதேசத் தந்தி ஒன்றியத்தை உருவாக்கியதற்கு இந்த அலுப்புதான் காரணம். மோர்ஸ் கருவி பொதுக் கருவியானது. கணக்குத் தீர்க்கப் பிரெஞ்சு ஃபிராங்க் பொது நாணயமானது. அந்த ஒன்றியம்தான் இன்று ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், ஐ.டி.யு. ஐக்கிய நாடுகள் சபையைவிட அதற்கு வயது அதிகம்.

அரசுகள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டன. தனியார் நிறுவனம் முரண்டு பிடித்தால்? அதையும் உலகம் சீக்கிரமே பார்த்தது. மார்க்கோனி நிறுவனம் கப்பல்களுக்கு வானொலிக் கருவியை விற்காது. கருவியையும் அதை இயக்கும் ஆளையும் சேர்த்து வாடகைக்குக் கொடுக்கும். மார்க்கோனி ஆட்கள் மார்க்கோனி நிலையங்களோடு மட்டுமே பேச வேண்டும் என்பது நிபந்தனை. 1902இல் ஜெர்மன் பேரரசரின் தம்பி இளவரசர் ஹைன்ரிஷ் அமெரிக்கப் பயணம் முடித்து ‘டாய்ச்லாந்து’ கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு நன்றிச் செய்தி அனுப்ப நினைத்தார். கப்பலில் இருந்தது ஜெர்மன் கருவி, கரையில் இருந்தது மார்க்கோனி நிலையம். நிலையம் செய்தியை வாங்கவே இல்லை. பேரரசரின் தம்பிக்கே இந்தக் கதி என்றால் மூழ்கும் சரக்குக் கப்பலுக்கு என்ன கதி? ஜெர்மனி அடுத்த ஆண்டே பெர்லினில் மாநாட்டைக் கூட்டியது. மார்க்கோனியோடு ஒப்பந்தம் வைத்திருந்த பிரிட்டனும் இத்தாலியும் அப்போது இழுத்தடித்தன. 1906இல் மறுபடியும் பெர்லினில் கூடியபோதுதான், எந்தக் கருவியாக இருந்தாலும் கரையும் கப்பலும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பது உடன்படிக்கை ஆயிற்று. கப்பலுக்கும் கப்பலுக்கும் இடையே அந்தக் கடமை வருவதற்கு 1912 லண்டன் மாநாடு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது கூடியது ஜூன் மாதம். டைட்டானிக் மூழ்கியது ஏப்ரலில்.

அமெரிக்கக் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அது என் வாதத்துக்கே ஓர் எச்சரிக்கை. பெல்லின் காப்புரிமைகள் 1893, 1894இல் காலாவதியாயின. ஊருக்கு ஊர் சுயேச்சைத் தொலைபேசிக் கம்பெனிகள் முளைத்தன. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நாட்டுத் தொலைபேசிகளில் ஏறக்குறையப் பாதி அவர்கள் கையில். பெல் நிறுவனம் அவர்களுக்கு இணைப்புத் தர மறுத்தது. கடைக்காரர்கள் மேசையில் இரண்டு தொலைபேசி வைத்து, இரண்டு பில் கட்டினார்கள். பெல்லில் இருக்கும் வாடிக்கையாளருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று. அரசாங்கம் வழக்குப் போட்டதும், 1913 டிசம்பர் 19 அன்று பெல்லின் தாய் நிறுவனமான ஏடி அண்ட் டியின் துணைத் தலைவர் நேதன் கிங்ஸ்பரி தலைமை வழக்கறிஞருக்கு ஒரு கடிதம் எழுதினார். சுயேச்சைக் கம்பெனிகளுக்கு நெடுந்தூரக் கம்பியில் இணைப்புத் தருகிறோம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆனால் நடந்தது என்ன? நெடுந்தூர இணைப்புக் கிடைத்ததும் சுயேச்சைக் கம்பெனிகளுக்குத் தனிப் போட்டி நெட்வொர்க் கட்டும் வேகம் போய்விட்டது. ஊர் எக்ஸ்சேஞ்சுகளுக்கு இடையிலான இணைப்பைப் பற்றிக் கடிதத்தில் பேச்சே இல்லை. சில ஆண்டுகளில் இடங்களை மாற்றிக்கொண்டும் விற்றும் வாங்கியும் ஊருக்கு ஒரே கம்பெனி என்றாயிற்று. ஏடி அண்ட் டி இன்னும் அரை நூற்றாண்டுக்கு அசைக்க முடியாத ஏகபோகமாக நின்றது. பெரியவன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போட்டி வராது. எந்தக் கதவு, எந்த நேரம், எவ்வளவு கட்டணம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அந்த ஏகபோகம் எவ்வளவு தூரம் போனது தெரியுமா? பேசுவது பக்கத்து மேசைக்குக் கேட்காமல் இருக்கத் தொலைபேசியின் வாய்ப்பகுதியில் மாட்டும் ஒரு கிண்ணம், ஹஷ்-ஏ-ஃபோன் என்று பெயர். மின்சாரமும் இல்லை, கம்பியும் இல்லை. அதைக்கூட மாட்டக் கூடாது என்று வழக்காடினார்கள். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யும் தலையாட்டியது, 1956இல் நீதிமன்றம்தான் தடுத்தது. 1968இல் டெக்சாஸ்காரர் தாமஸ் கார்ட்டரின் ‘கார்ட்டர்ஃபோன்’ வழக்கில், நெட்வொர்க்குக்குக் கேடு செய்யாத எந்தக் கருவியையும் பயனாளர் இணைக்கலாம் என்று எஃப்.சி.சி. முடிவு செய்தது. ஃபேக்ஸ், பதில் சொல்லும் கருவி, மோடம் எல்லாம் அந்த வழியாக வந்தவை. வீட்டுக்குள் இன்டர்நெட் வந்த பாதை அது. 1984 ஜனவரி 1 அன்று ஏடி அண்ட் டி உடைக்கப்பட்டதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கென்னவோ கார்ட்டர்ஃபோன்தான் பெரிய தீர்ப்பு.

1997இல் உலக வர்த்தக அமைப்பில் 69 அரசுகள் தொலைத்தொடர்புச் சந்தையைத் திறக்க ஒப்புக்கொண்டன. அதோடு வந்த ஆவணத்தில் இரண்டு முக்கியமான வரிகள்: பெரிய நிறுவனம் நியாயமான கட்டணத்தில் இணைப்புத் தர வேண்டும், ஒழுங்குபடுத்துபவர் எந்த நிறுவனத்துக்கும் பதில் சொல்லும் நிலையில் இருக்கக் கூடாது. அதே ஆண்டு இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பிறந்தது. அதுவரை உரிமம் கொடுப்பது, சேவை நடத்துவது, தகராறைத் தீர்ப்பது மூன்றும் ஒரே துறையின் வேலை.

நம் ஊர்க் கதையில் முதல் திருப்பம் 2003. அதற்கு முன்னால் செல்போனில் வரும் அழைப்புக்கும் காசு. மணி அடித்தால் எடுக்கலாமா வேண்டாமா என்று திரையைப் பார்த்து யோசித்த தலைமுறை இங்கே உட்கார்ந்திருக்கிறது. டிராய் இணைப்புக் கட்டண முறையைக் கொண்டுவந்தது: அழைப்பவரின் நிறுவனம், அழைப்பை முடித்துக் கொடுக்கும் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இவ்வளவு தர வேண்டும். இன்கமிங் இலவசமாயிற்று. ஆட்டோ ஓட்டுநரும் பிளம்பரும் செல்போன் வாங்கியது அதன் பிறகுதான்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. குரல் அழைப்பு இலவசம் என்றது. ஆனால் ஜியோவிலிருந்து மற்ற நிறுவனங்களுக்குப் போகும் அழைப்புகளில் 100க்கு 75 தோற்கின்றன என்று புகார் செய்தது. விதிப்படி 1000க்கு 5 தோற்கலாம். காரணம், இணைப்பு முனைகள் போதவில்லை. மற்றவர்கள் இணைப்பு மறுக்கவில்லை. கேட்ட அளவு தரவில்லை. வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்றுவிட்டு, பந்தியில் இலை போடாமல் நிற்க வைப்பது மாதிரி. இலவச அழைப்பால் வெள்ளமாக வரும் போக்குவரத்தைத் தாங்க முடியாது என்பது அவர்கள் பதில்; அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. அக்டோபரில் டிராய் ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் பரிந்துரைத்தது. மத்திய அரசின் நோட்டீஸ் போனது 2021இல். அதற்குள் வோடஃபோனும் ஐடியாவும் ஒரே நிறுவனமாகிவிட்டன. இணைப்புத் தகராறில் ஐந்து ஆண்டு என்பது ஒரு யுகம்.

இனி நான் மிகவும் ரசித்த சண்டைக்கு வருகிறேன். இணைப்புக் கட்டணம் 2015இல் 14 பைசா, 2017இல் 6 பைசா, அப்புறம் பூஜ்யம் என்று திட்டம். 2019இல் இன்னும் 6 பைசா ஓடிக்கொண்டிருந்தது. ஜியோ தன் நெட்வொர்க்கிலிருந்து போகும் அழைப்பு மணி அடிக்கும் நேரத்தைச் சுமார் 45 வினாடியிலிருந்து 20, 25 வினாடிக்குக் குறைத்தது. அதில் என்ன தந்திரம் என்று மற்றவர்கள் உடனே கண்டுபிடித்தார்கள். அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை எடுப்பதற்குள் மணி நின்றுவிடும். அது மிஸ்டு கால். அம்மா திருப்பி அழைப்பார். இப்போது அழைப்பவர் அம்மா. 6 பைசா எதிர்த் திசையில் ஓடும். இப்படிக் குற்றம் சாட்டிய ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் கடைசியில் தாங்களும் 25 வினாடிக்கு இறங்கின. நாடு முழுக்க மணி அரைகுறையாக அடித்தது. 2019 நவம்பர் 1 அன்று டிராய் செல்போனுக்கு 30 வினாடி, தரைவழித் தொலைபேசிக்கு 60 வினாடி என்று விதி போட்டது. 2021 ஜனவரி 1 அன்று கட்டணம் பூஜ்யமானதும் அந்த விளையாட்டுக்கே அர்த்தம் இல்லாமல் போயிற்று. பூஜ்யத்துக்கு மாற்றியது ஒரு நிறுவனத்துக்குச் சாதகம் என்ற குற்றச்சாட்டு அப்போது பலமாக எழுந்தது. சாதகமாக அமைந்தது உண்மை. முடிவு சரியானது என்பதும் உண்மை. பைசா இருக்கும் வரை அதைச் சுற்றி யாராவது ஒரு வழி கண்டுபிடிப்பார்கள்.

இதற்கு நேர் எதிர்ப் பாதையில் போன நாடு தென் கொரியா. 2016 முதல் அங்கே இணையச் சேவை நிறுவனங்கள் தங்களுக்குள், அனுப்பும் தரவின் அளவுக்கு ஏற்பப் பணம் கொடுத்துக்கொள்ள வேண்டும். செலவு கடைசியில் வீடியோ நிறுவனங்களின் தலையில் வந்து விழுந்தது. நெட்ஃபிளிக்ஸ் ஆண்டுக்கணக்கில் வழக்காடி 2023இல் சமரசம் ஆயிற்று. வீடியோ கேம் நேரலைத் தளமான ட்விட்ச், 2022இல் கொரியாவில் படத்தின் தரத்தை 720பி-க்குக் குறைத்தது. அப்படியும் கட்டுப்படியாகாமல், மற்ற பெரும்பாலான நாடுகளைவிட 10 மடங்கு செலவு என்று சொல்லி, 2024 பிப்ரவரியில் கடையைக் கட்டியது. உலகிலேயே வேகமான இணையம் கொண்ட நாடுகளில் ஒன்றில் இது நடந்தது. இந்தியத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இன்று வாட்ஸ்அப், யூட்யூப் போன்றவற்றிடம் ‘நியாயமான பங்கு’ கேட்கும்போது, நான் சியோலைப் பார்க்கச் சொல்வேன்.

கடைசியாக, இன்றைய மார்க்கோனிகள். வாட்ஸ்அப்பில் இருப்பவருக்கு டெலிகிராமிலிருந்து செய்தி அனுப்ப முடியாது. இதை நாம் இயற்கை விதி என்றே ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஐரோப்பிய ஒன்றியம் ஏற்கவில்லை. 2023 செப்டம்பரில் அது ஆறு நிறுவனங்களை ‘வாயிற்காவலர்’ என்று அறிவித்தது. வாட்ஸ்அப்பும் மெசஞ்சரும் பிற செயலிகள் கேட்டால் இணைப்புத் தர வேண்டும்: முதலில் இருவருக்கிடையிலான செய்தி, இரண்டு ஆண்டில் குழு, நான்கு ஆண்டில் அழைப்பு. மறையாக்கம் குலையக் கூடாது. இங்கேதான் வேடிக்கை. சிக்னலும் த்ரீமாவும் எங்களுக்கு அந்த இணைப்பு வேண்டாம் என்றுவிட்டன. தங்கள் பாதுகாப்புத் தரம் வாட்ஸ்அப்போடு சேர்ந்தால் கீழே இறங்கும் என்பது அவர்கள் கணக்கு. சிறியவனே மறுக்கும் நிலையை 1906இல் யாரும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள்.

நாம் இந்த விஷயத்தில் வேறோர் இடத்தில் உலகுக்கு முன்னால் போயிருக்கிறோம். 2016இல் வந்த யுபிஐயில் எந்தச் செயலியிலிருந்தும் எந்த வங்கிக்கும் பணம் போகும். டீக்கடை மேசையில் நான்கைந்து க்யூஆர் அட்டை ஒட்டியிருந்த காலம் உண்டு. பிறர் செயலியில் படிக்க முடியாத க்யூஆர் இனிக் கூடாது என்று 2020இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இருந்தும் ஃபோன்பேயும் கூகுள் பேயும் சேர்ந்து பரிவர்த்தனைகளில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை வைத்திருக்கின்றன. எந்தச் செயலியும் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 2020இல் அறிவிக்கப்பட்டு, தள்ளித் தள்ளி 2026 இறுதிக்குப் போய் நிற்கிறது. கிங்ஸ்பரி கடிதம் சொன்ன பாடம்தான் இது.

செய்திச் செயலிகளைப் பொறுத்தவரை, இப்போதைக்குத் தலையிட வேண்டாம் என்று 2020 செப்டம்பரில் டிராய் சொல்லிவிட்டது. அன்று அது நிதானமான முடிவு. இன்று மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கட்டணம் என்ற பேச்சே இல்லாமல், பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். எத்தனை நாளில் இணைப்பு, எத்தனை வினாடியில் செய்தி போய்ச் சேர வேண்டும், ஆயிரத்துக்கு எத்தனை தவறலாம் என்பதை முன்கூட்டியே எண்ணில் எழுதிவிட வேண்டும். இதைப் போட்டி ஆணையத்திடம் விடலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். போட்டி ஆணையம் தவறு நடந்த பிறகு விசாரிக்கும் இடம். நான் டிராயிடம் கொடுப்பேன். மணி எத்தனை வினாடி அடிக்க வேண்டும் என்றுகூட உட்கார்ந்து தீர்மானித்த அலுவலகம் அது.

உங்கள் கேள்விகளுக்கு நேரம் விட வேண்டும் என்று அவைத் தலைவர் சைகை காட்டுகிறார். கேளுங்கள்.