வெற்றியும் விறுவிறுப்பும்

கோபிசெட்டிபாளையத்து மாணவ நண்பர்களுக்கு ரேக்ளாப் பந்தயம் புதிதன்று. கொங்கு நாட்டில் அது பெரும்பாலும் காலத்தோடு நடக்கும் போட்டி. 200 மீட்டர் அல்லது 300 மீட்டர் தொலைவைக் குறைந்த நேரத்தில் கடக்கும் காளைகளுக்கே பரிசு. ஒரே வண்டி ஊருக்கு ஊர் பரிசைத் தட்டிச் சென்றால் கூட்டம் சலித்துப்போகுமா? அல்லது, 'இதனை வெல்ல எவர் வருவார்?' என்ற ஆவல் மிகுமா?

இவ்வினா மோட்டார்ப் பந்தய உலகிலும் எழுந்தது. 2000 முதல் 2004 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ஃபார்முலா ஒன் பட்டத்தை வென்றவர் ஜெர்மனியின் மைக்கேல் ஷூமாக்கர். 2002இல் மொத்தம் 17 பந்தயங்கள். பதினொன்றாவதிலேயே பட்டம் அவருடையதாயிற்று. எஞ்சிய ஆறு பந்தயங்களில் பட்டத்துக்கான போட்டியே இல்லை. பலர் சலிப்புற்றதில் வியப்பில்லை.

எனினும், அவ்வாண்டு ஆஸ்திரியாவில் நிகழ்ந்ததைக் கருதிப் பாருங்கள். முன்னணியில் சென்ற ருபென்ஸ் பாரிக்கெல்லோ, தம் அணியின் ஆணைப்படி, முடிவுக் கோட்டருகே வேகத்தைக் குறைத்து ஷூமாக்கருக்கு வழிவிட்டார். மக்கள் கூச்சலிட்டு இகழ்ந்தனர். அவர்கள் வெறுத்தது ஒருவரது ஆற்றலையன்று. போட்டியின்றிக் கைமாறிய வெற்றியையே.

பந்தயத்தை நடத்துவோரும் இதனை உணர்ந்தனர். அணி ஆணைகளைத் தடை செய்தனர். 2003இல் புள்ளி முறையையும் மாற்றினர். முதலிடத்துக்கு 10 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 6 என்றிருந்தது, 10க்கு 8 என்றாயிற்று. அவ்வாண்டுப் பட்டம் கடைசிப் பந்தயம் வரை முடிவாகாமல், இரண்டே புள்ளி வேறுபாட்டில் ஷூமாக்கரைச் சேர்ந்தது. வென்றவர் அவரேயானாலும் விறுவிறுப்புக்குக் குறைவில்லை.

2004இல் 18 பந்தயங்களில் 13ஐ வென்ற அவர், மறு ஆண்டில் ஒன்றே ஒன்றைத்தான் வென்றார். ஒரே டயர்களோடு பந்தயம் முழுவதும் ஓட வேண்டுமென்ற புதிய விதி அவரது அணிக்கு இடராயிற்று. ஸ்பெயினின் பெர்னாண்டோ அலோன்சோ பட்டம் பெற்றார். ஐந்தாண்டு ஆதிக்கத்தை முடித்ததாலன்றோ அப்பட்டத்துக்குத் தனிப் பெருமை!

ஷூமாக்கரின் அந்த ஒரே வெற்றி இண்டியானாபொலிசில் கிட்டியது. டயர்ப் பழுதுக்கு அஞ்சிப் பதினான்கு கார்கள் விலகிவிட, ஆறே கார்கள் ஓடின. ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியரான நம் கோவையின் நரேன் கார்த்திகேயன் அதில் நான்காவதாக வந்தார். அவ்வாண்டு அவர் பெற்ற 5 புள்ளிகளும் அங்குக் கிடைத்தவையே. ஆனால் பார்வையாளர்களோ சினந்தனர். போட்டியாளர் இல்லாத களத்தில் மாவீரனின் வெற்றியும் சுவையற்றதாகிவிடுகிறது.

ஆகவே, ஒருவர் மீண்டும் மீண்டும் வெல்வது குற்றமன்று. மற்றவர்க்கு வெல்லும் வழி அடைபடுவதே குற்றம். வழி திறந்திருக்குமாயின், முதல்வனின் ஆற்றல் பிறருக்கு ஓர் அளவுகோலாகும். வகுப்பில் ஒருவரே எப்போதும் முதல் மதிப்பெண் பெறுகிறாரா? அவரைக் கண்டு மனம் சோராதீர்கள். அவரை எட்டுவதற்கு எடுக்கும் முயற்சி உங்களை உயர்த்தும்.